வீட்டுக்குள் முதல் செடி: எதை வாங்குவது, எப்படிக் காப்பாற்றுவது?

புதுத்தொட்டி (பெருங்குடி, சென்னை):

அனைவருக்கும் வணக்கம். அடுக்ககம் ஒன்றின் நான்காம் தளத்தில் குடியிருக்கிறோம். கூடத்தில் வடக்குப் பார்த்த பெரிய சன்னல் ஒன்றும், படுக்கையறையில் மேற்குப் பார்த்த சிறிய சன்னல் ஒன்றும் உள்ளன. பால்கனி துணி உலர்த்தவே போதவில்லை என்பதால், செடி வைப்பதென்றால் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். சென்ற ஓராண்டில் மூன்று செடிகள் வாங்கினேன். “இதற்குப் பராமரிப்பே தேவையில்லை” என்று சொல்லித்தான் மூன்றையும் கொடுத்தார்கள்.

ஸ்நேக் பிளான்ட்டை அழகான வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வைத்து, தினமும் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தம்ளர் நீர் ஊற்றிவந்தேன். ஐந்தாம் வாரம் நடு இலையைத் தொட்டபோது அது அப்படியே கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகி, புளித்துக் கெட்ட நீராகாரம் போல நாற்றம் அடித்தது. பீஸ் லில்லி இலைநுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. அது குளிர்சாதனக் கருவிக்கு நேர் கீழே இருந்தது. அரிக்கா பாம் மே மாதத்தில் மேற்குச் சன்னலோரம் வெளுத்து, இரண்டே வாரத்தில் ஓலை ஓலையாகக் காய்ந்தது. இன்றுவரை நன்றாக இருப்பது, நீர் நிரப்பிய பாட்டிலில் அத்தை போட்டுவைத்த மணி பிளான்ட் மட்டும்தான்.

மீண்டும் தொடங்க மனம் விரும்புகிறது. ஆனால், இன்னோர் உயிரை வாங்கி வந்து வீணாக்க மனம் வரவில்லை. எந்தச் செடியிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதநிலம் (தாம்பரம்):

வணக்கம் சகோதரி. எந்தச் செடி என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைப்போம். நீங்கள் இழந்த ஸ்நேக் பிளான்ட், தொடக்கநிலையினர் யாருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடிய செடி. அதுவே உங்கள் வீட்டில் அழுகியது என்றால், வேறு எதை வாங்கிவந்தாலும் அதே தம்ளர் நீரும் அதே பீங்கான் தொட்டியும் அதையும் அழுக வைத்துவிடும். ஆகவே முதலில் நீரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

வேர் நீரை உறிஞ்சுவதற்கு மட்டுமன்று, மூச்சு விடவும் மண்ணுக்குள் இருக்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் காற்று நின்றால்தான் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்கும். தினமும் நீர் ஊற்றும்போது அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி, வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. செத்த வேரில் அழுகல் கிருமிகள் குடியேறுகின்றன. நீங்கள் முகர்ந்த நாற்றம் அதுதான். இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே அதன் இலை, தாகத்தில் வாடும் செடியின் இலையைப் போலவே தொங்கும். அதைக் கண்டு நாம் மேலும் ஒரு தம்ளர் ஊற்றுவோம். என் வீட்டில் தொடக்க காலத்தில் செத்த செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் செத்தன. நீரில்லாமல் காய்ந்தவை மிகச் சிலவே.

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றாதீர்கள். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்கு நீர் வேண்டாம். ஸ்நேக் பிளான்ட்டுக்கு அதுகூடப் போதாது. அடிவரை காய வேண்டும். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்து, அது உலர்ந்து வந்த பிறகே ஊற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு இது இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அமையலாம்; ஐப்பசி அடைமழையில் ஒரு மாதம்கூட ஆகலாம். ஊற்றும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். அடித்துளையில் நீர் வழியும்வரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் பீங்கான் தொட்டியில் துளை இருந்ததா?

புதுத்தொட்டி:

இல்லை அம்மா, துளை இல்லை. தரை நனையக் கூடாது என்று அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வளசரவாக்கம் மாடி:

துளையில்லாத தொட்டிக்கு எளிய வழி ஒன்று உண்டு. அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல்லோ உடைந்த ஓட்டுச்சில்லோ பரப்பி, அதன் மேல் மண்ணைப் போட்டால் மிகுதி நீர் கல்லுக்குள் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். அழகான தொட்டிகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மண்ணும் நீரும் (திண்டுக்கல்):

வேளாண் விரிவாக்கப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளசரவாக்கம் நண்பர் வருந்தக் கூடாது. நம் பெரியவர்கள் பலரும் இப்படிச் செய்தவர்கள்தான், நானும் செய்திருக்கிறேன்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நீரில் முக்கி எடுத்து, பிழியாமல் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். சிறிது நீர் சொட்டியபின் நின்றுவிடும். ஆனால், ஸ்பாஞ்சின் அடிப்பகுதியில் நீர் கோத்திருக்கும். தொட்டி மண்ணும் அப்படியே. மெல்லிய துளைகள் கொண்ட மண், தன் அடிவிளிம்பில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இருப்பது பெரிய இடைவெளிகள் கொண்ட கல் என்றால், மேல்மண் நன்றாக நனைந்து ததும்பும்வரை நீர் அந்த இடைவெளிக்குள் இறங்காது. ஆகவே, கல்லைப் பரப்பினால் அந்தச் சேற்றுப் பட்டை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. துளையும் இல்லையென்றால், கல்லுக்குள் இறங்கிய நீரும் அங்கேயே கிடந்து நாறும்.

தொட்டியின் அழகு கெடாமல் இருக்க நேரான வழி ஒன்று உண்டு. செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். நீர் ஊற்ற வேண்டிய நாளில் உள்தொட்டியை மட்டும் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுசென்று ஊற்றி, முழுதும் வடிந்தபின் திரும்ப வையுங்கள். தரையும் நனையாது. தூக்கும்போதே எடை கைக்குத் தெரியும். பத்து முறை தூக்கிய கைக்கு, ஈரத்தொட்டி எது, காய்ந்த தொட்டி எது என்று விரலை விடாமலே விளங்கிவிடும்.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். நர்சரிகளில் வாங்கும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றி இறுக்கமான களிமண் உருண்டை இருக்கும். வெளியூரிலிருந்து லாரியில் வரும்போது வேர் காயாமல் இருக்க அது உதவும். வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் அந்தக் களிமண் காய்ந்துவிடும், வீட்டுக்குள் காயாது. மேலே தூவிய கோகோபீட் (தென்னைநார்த் துகள்) காய்ந்து, உள்ளே களி ஈரமாகவே கிடக்கும். வாங்கிவந்து இரண்டு வாரம் செடி இடத்துக்குப் பழகியதும், வேரை அறுக்காமல் அந்தக் களியை நீரில் ஊறவைத்துக் கரைத்து நீக்கி, புது மண்ணில் நடுங்கள். செம்மண் ஒரு பங்கு, நன்றாக அலசிய கோகோபீட் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்பது பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் பொருந்தும். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இசட் இசட் பிளான்ட்டுக்கும் மணலை இரண்டு பங்காக்கிக்கொள்ளுங்கள். கோகோபீட்டை அலசச் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள உப்பு. கட்டியை ஊறவைத்துப் பிழிந்த முதல் நீர் பழுப்பாக வரும், அதைக் கொட்டிவிட்டு இன்னும் இருமுறை அலசுங்கள்.

வளசரவாக்கம் மாடி:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஸ்பாஞ்சை எடுத்துச் செய்தே பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே அடியில் நீர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என் தொட்டிகள் இரண்டைப் பிரித்துவிடுகிறேன்.

சிங்கைச் சாளரம் (சிங்கப்பூர்):

பாட்டிலில் வளரும் மணி பிளான்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். இங்கே டெங்கிக் காய்ச்சல் குறித்த அக்கறை மிகுதி. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடுகளுக்கே வந்து பூச்சாடி, தொட்டித் தட்டு, துணி உலர்த்தும் மூங்கில் குழாய் என ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள். கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் கூடத்தில் இருக்கும் தெளிந்த நீரைத்தான் அது விரும்பும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

பலரும் செய்யும் தவறு, நீரை மட்டும் மாற்றிவிட்டுப் பாட்டிலைக் கழுவாமல் விடுவது. ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்த நிலையிலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே வாரம் ஒருமுறை நீரை மாற்றும்போது, பாட்டிலின் உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மணி பிளான்ட் வேரையும் குழாய்நீரில் அலசிவிடுங்கள். வாய் குறுகிய பாட்டிலென்றால் கழுத்தில் பஞ்சு அடைக்கலாம். தொட்டியில் மேல்மண் இறுகிக் கிடந்தால் அதன் மீதும் நீர் தேங்கும். முள்கரண்டியால் வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், அந்த மணி பிளான்ட்டை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். நீரில் வேர் விட்டது மண்ணில் பழகச் சில வாரம் எடுக்கும். அந்த நாள்களில் மட்டும் மண்ணை ஓரளவு ஈரமாகவே வைத்திருங்கள்.

புதுத்தொட்டி:

சென்ற கார்த்திகையில் மாநகராட்சிப் பணியாளர்கள் எங்கள் அடுக்ககத்துக்கும் வந்து இதையே கேட்டார்கள். இன்று மாலையே பாட்டிலைக் கழுவிவிட்டேன்.

அடுத்து ஒரு ஐயம். வடக்குச் சன்னலில் நேர் வெயிலே வராது, ஆகையால் அங்கே நிழல் விரும்பும் செடிகளை மட்டுமே வைக்க வேண்டும் என்று படித்தேன். ஆனால், ஜூன் மாதத்தில் எங்கள் கூடத்துத் தரையில் காலையில் வெயில் விழுந்ததாக நினைவு. நான் தவறாக நினைக்கிறேனா?

மருதநிலம்:

உங்கள் நினைவு சரியானது. நீங்கள் படித்தது வேறோர் ஊருக்காக எழுதப்பட்டது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானிலேயே நிற்கும். அவர்களுக்குத் தெற்குச் சன்னல் என்றால் வெளிச்சம், வடக்குச் சன்னல் என்றால் நிழல். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் மறைவதால், காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னல் வழியே நுழையும். மார்கழியில் நிலை தலைகீழாகும். தெற்குச் சன்னலில் வெயில் அறைக்குள் வெகு தூரம் வரும், வடக்கில் ஒரு கீற்றும் வராது.

ஆகவே உங்கள் கூடத்துச் சன்னல் நல்ல சன்னல். ஆண்டில் பெரும்பகுதி சீரான, கண்ணை உறுத்தாத வெளிச்சமும், கோடையில் இதமான காலை வெயிலும் கிடைக்கும். மாலை வெயில் கடுமையாகத் தெரிந்தால் ஒரு வெள்ளை மெல்திரை போதும். மேற்குச் சன்னல்தான் சிக்கல். கத்திரி வெயில் நாள்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கண்ணாடியைத் தொட்டால் கை சுடும். உங்கள் அரிக்கா பாம் அங்கேதான் வெந்தது.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். செடி வைக்க நினைக்கும் இடத்தில் பகல் பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியே கூர்மையாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். கை என்று தெரியும் அளவுக்கு மங்கலாக இருந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் அது செடிக்கான இடமன்று. சன்னலிலிருந்து ஓரடி தள்ளியும் எட்டடி தள்ளியும் இதைச் செய்து பார்த்தால் வியப்பாக இருக்கும். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அறை முழுக்க ஒரே வெளிச்சம்போலத் தோன்றுகிறது. செடிக்கோ எட்டடி தூரம் என்பது பட்டினி.

நிழலைத் தாங்கும் செடி என்று சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது நிழலில் தாக்குப்பிடிக்கும், வளராது. வளராத செடி நீரும் குடிக்காது. இருட்டு மூலையில் உள்ள தொட்டிக்கு, சன்னலோரத் தொட்டிக்கு ஊற்றுவதில் பாதிகூட வேண்டியிராது.

கோவைக் காற்று:

ஸ்நேக் பிளான்ட்டை மீண்டும் வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள் என்று நான் பரிந்துரைப்பேன். அது இரவில் ஆக்சிஜன் வெளியிடும், காற்றில் உள்ள நச்சையும் வடிகட்டும் என்று நாசாவே கண்டுபிடித்திருக்கிறது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மிகவும் நல்லது.

மண்ணும் நீரும்:

இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாசா விஞ்ஞானி வுல்வர்ட்டனும் அவர் குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு உண்மையானது. ஆனால், அது சிறிய, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து நடந்தது. நம் வீட்டில் கதவு திறக்கிறது, சன்னல் திறக்கிறது, காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இத்தகைய பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. படுக்கையறையில் அத்தனை தொட்டிகளை வைத்துவிட்டு நாம் படுப்பதற்கு இடமிராது. காற்று நன்றாக இருக்கச் சன்னலைத் திறந்து வைப்பதே வழி.

இரவு ஆக்சிஜன் என்ற செய்தியும் பாதி உண்மையிலிருந்து கிளம்பியதுதான். வறண்ட நிலத்துச் செடியான ஸ்நேக் பிளான்ட், நீர் ஆவியாகிப் போகாமல் இருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்துச் சேமிக்கும். சேமித்ததைப் பகல் வெளிச்சத்தில்தான் உணவாக்கும். நீர் பிரிந்து ஆக்சிஜன் உண்டாவதற்கு ஒளி தேவை. ஆகவே இரவில் அது கரியமில வாயுவை வாங்குகிறதே தவிர, ஆக்சிஜனைத் தருவதில்லை.

இதனால் செடியின் மதிப்பு குறைவதாக நான் எண்ணவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடிக்கு நம் மண்ணிலேயே நெருங்கிய உறவு இருக்கிறது: புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் வளரும் மருள். அதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் ஏற்றினார்கள். கூடத்து மூலையில் நிற்கும் ஸ்நேக் பிளான்ட்டின் இலையை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தால், அதே நார் பளபளவென்று தெரியும்.

பூனைவீடு (மதுரை):

குழந்தை என்ற பேச்சு வந்ததால் இதை எழுதுகிறேன். கருணைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கும் அல்லவா? அந்த அரிப்புக்குக் காரணம் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். மணி பிளான்ட், அக்லோனிமா, டீஃபன்பாக்கியா, சிங்கோனியம், பீஸ் லில்லி, இசட் இசட் பிளான்ட் ஆகிய அனைத்தும் அந்தச் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் இலையை மென்றால் குழந்தைக்கும் நாய், பூனைக்கும் வாய் எரிந்து வீங்கும். டீஃபன்பாக்கியா இவற்றுள் கடுமையானது. அதன் தண்டை வெட்டிய கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். ஸ்நேக் பிளான்ட் வேறு குடும்பம் என்றாலும், தின்ற பூனை வாந்தி எடுக்கும்.

எங்கள் வீட்டுப் பூனை பச்சையாக எதைக் கண்டாலும் கடிக்கும் இயல்புடையது. ஆகவே ஸ்பைடர் பிளான்ட், அரிக்கா பாம், பாஸ்டன் ஃபெர்ன், பெப்பரோமியா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். இவை பூனைக்குத் தீங்கில்லாதவை. ஸ்பைடர் பிளான்ட்டை உயரத்தில் தொங்கவிட்டால், நீண்ட காம்புகளின் நுனியில் குட்டிச் செடிகள் தொங்கும். அவற்றைக் கிள்ளி மண்ணில் வைத்தாலே வேர்விடும். ஒரு தொட்டி வாங்கிய நாங்கள் தெருவில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

புதுத்தொட்டி:

அண்ணன் மகள் வார இறுதியில் வருவாள், இரண்டு வயது. தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. எங்கள் வீட்டில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். செடிக்கு இதை ஊற்றலாமா? ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம் என்று தோழி சொன்னார்.

மண்ணும் நீரும்:

கழிவுநீரை வீட்டுச் செடிக்கு ஊற்றாதீர்கள் அம்மா. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும். ஆழ்துளைக் கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றினால், தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப்பூ பூத்தாற்போல் உப்புப் படியும். ஸ்பைடர் பிளான்ட்டும் பீஸ் லில்லியும் அதை இலைநுனிக் கருகலாகக் காட்டிவிடும். உங்கள் பீஸ் லில்லி கருகியதற்குக் குளிர்சாதனக் காற்று ஒரு காரணமென்றால், இந்த நீர் மற்றொரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டிலேயே நல்ல நீர் இருக்கிறது. குளிர்சாதனக் கருவியின் குழாயிலிருந்து சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய ஈரம். உப்பு ஏறக்குறைய இல்லாத நீர். அதை வாளியில் பிடித்து, வாளியை மூடி வைத்து, அலங்காரச் செடிகளுக்குத் தாராளமாக ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரைப் பிடியுங்கள். மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறையில் வைத்து, இந்த நீரை வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு எடுத்து, மெதுவாக ஊற்றி வடியவிட்டால், சேர்ந்த உப்பு கரைந்து வெளியேறும். உரம் அளவாகப் போதும். கைப்பிடி மண்புழு உரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேல்மண்ணில் கலந்தால் வேறொன்றும் வேண்டாம்.

மருதநிலம்:

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பலரும் பத்துச் செடிகளின் பெயரை அடுக்குவார்கள். உங்கள் வீட்டைக் கேட்டறிந்தபின் நான் மூன்றை மட்டும் சொல்வேன்.

முதலாவது, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் மணி பிளான்ட். அதை மண்ணில் வைத்து, கூடத்துச் சன்னலிலிருந்து இரண்டடிக்குள், பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரேயா தீவிலிருந்து வந்த கொடி அது. மரத்தில் ஏறும்போது அதன் இலை முறம் அளவுக்கு விரியும். தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். தென்னைநார் சுற்றிய கம்பம் ஒன்றை நட்டு அதில் ஏற்றிக் கட்டினால், ஓராண்டில் வேறு செடியோ என்று ஐயுறும் அளவுக்கு இலை பெருக்கும்.

இரண்டாவது, இசட் இசட் பிளான்ட். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வளர்வது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தாலும் முகம் வாடாது. அலுவலகம் போகும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால், பசைபோல் ஈரமாக இருக்கும் மண்ணை மட்டும் அது மன்னிக்காது.

மூன்றாவதைச் சொன்னால் சிலர் மறுப்பார்கள்: மீண்டும் ஒரு பீஸ் லில்லி. அதை எளிய செடி என்று நான் சொல்லவில்லை. ஆனால், பேசத் தெரிந்த செடி. தாகம் எடுத்தால் மொத்தச் செடியும் குடைபோல் மடிந்து தொங்கும். நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்கும். நீரைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு இதைப்போல் வெளிப்படையாகச் சொல்லித்தரும் செடி வேறில்லை. தொங்கும் செடியைக் கண்டதும் விரலை மண்ணில் விடுங்கள். மண் காய்ந்திருந்தால் அது தாகம். ஈரமாக இருந்தும் தொங்கினால் வேரில் கோளாறு. குளிர்சாதனக் காற்று நேராகப் படாத இடத்தில் வைத்து, பிடித்து வைத்த நீரையே அதற்கு ஊற்றுங்கள்.

வாங்கும்போது இலையின் அடிப்புறத்தையும் இலைக்காம்பின் இடுக்கையும் பாருங்கள். பஞ்சுப்பொதிபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடி வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கண்டால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளித்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் தொடருங்கள். புதிய செடியைப் பதினைந்து நாள் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைப்பது நல்ல வழக்கம்.

அழுகிய ஸ்நேக் பிளான்ட்டில் கெட்டியான இலை ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா? இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

புதுத்தொட்டி:

ஓரிலை மட்டும் மேற்பாதி கெட்டியாக இருக்கிறது அம்மா. ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட வகை.

மருதநிலம்:

கெட்டியான பகுதியைக் கூரிய கத்தியால் நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் சிறு முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர்விடாது. வெட்டியபின் எது தலை, எது அடி என்று கண்டுபிடிப்பதும் கடினம். மூன்று நாள் நிழலில் கிடத்தி வெட்டுவாய் காய்ந்தபின், மணல் மிகுந்த மண்ணில் ஓரங்குல ஆழத்தில் நடுங்கள். அதன்பின் பொறுமைதான் உரம்.

புதுத்தொட்டி (மூன்று மாதங்களுக்குப் பின்):

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். நீங்கள் சொன்ன மூன்று செடிகளும் நலமாக உள்ளன. பீஸ் லில்லி இருமுறை தொங்கி, இருமுறையும் மாலைக்குள் நிமிர்ந்தது. இப்போது அது தொங்குவதற்கு முன்பே, இலை சற்று மங்குவதை வைத்து எனக்குத் தெரிந்துவிடுகிறது. இசட் இசட் பிளான்ட்டுக்கு இதுவரை ஐந்து முறைதான் நீர் ஊற்றியிருக்கிறேன். உள்தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது கைவந்துவிட்டது.

நான்கு துண்டுகளை நட்டதில் ஒன்று அழுகியது, மூன்று நின்றன. இன்று காலை அவற்றுள் ஒன்றின் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு, மிளகாய் விதை அகலத்தில் ஒரு வெளிர்பச்சை முனை தெரிந்தது. நான் அழைத்து வந்து காட்டியதும், அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரே ஓர் ஐயம்: இந்தக் குருத்தில் மஞ்சள் கரையே இல்லையே, ஏதேனும் சத்துக் குறைவா?

மருதநிலம்:

சத்துக் குறைவு அன்று, கவலைப்படாதீர்கள். அந்த மஞ்சள் கரை, இலையின் ஓரத்தில் உள்ள பச்சையமற்ற திசுவால் ஆனது. ஒரே இலைக்குள் இரு வேறு திசுக்கள் சேர்ந்து வாழ்கின்றன. இலைத்துண்டிலிருந்து புதுக்குருத்து கிளம்பும்போது பச்சைத் திசுவிலிருந்தே உருவாவதால், கரை இல்லாத பச்சை வகையாகவே வளரும். கரை வேண்டுமென்றால் வேர்க்கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். பச்சை வகைக்கு உறுதி இன்னும் அதிகம். குருத்து ஒரு சாண் வளரும்வரை தாய்த்துண்டைப் பிடுங்காதீர்கள். அதன் உணவு அதிலிருந்துதான் போகிறது. நீர் இப்போதைக்கு வேண்டாம், குச்சி உலர்ந்து வரட்டும்.